றோலண்டின் திருத்தமும் இராசம்மாவின் தகரமும்

என் கணவர் றோலண்டைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஊத்துமலைத் தோட்டத்து ஆட்கள், அந்த மனுசன் இல்லையென்றால் நாங்கள் இல்லை என்பார்கள். ஹட்டன் டவுனில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, கம்பியும் பெட்டியுமாகக் குப்பை சேர்க்கிற ஆள் என்பாள். இரண்டையும் கேட்டுக்கொண்டு அவர் சும்மா இருப்பார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. கட்டின நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேசுகிற வேலை முழுக்க என் தலையில்தான். ஆகவே இதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் பிறந்தது கினிகத்தேனைப் பக்கம் ஊத்துமலைத் தோட்டம், மேக்கணக்கு லயம், அதாவது மேல் பிரிவில் ஒரே கூரைக்குக் கீழே ஒற்றையறைக் காம்பராக்களாக இருக்கிற வரிசை வீடு. அப்பா நல்லமுத்து தேயிலைக் கொம்பனியில், அதுதான் ஃபேக்டரியில், வேலை செய்து நெஞ்சு நோயில் போனவர். அம்மா இராசம்மா கொழுந்து எடுத்து மகனை ஹட்டனில் ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்தார். கம்பஸ் போக இடம் கிடைக்கவில்லை. அதற்காக றோலண்ட் அழுததாகவோ யாரையும் திட்டியதாகவோ நான் கேள்விப்படவில்லை. டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் சேர்ந்தார். அதற்குக் கீழ்த் தட்டில் இருந்த கொமியூனிகேஷன் கடையில் நான் ஆங்கிலக் கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து அடிக்கடி இறங்கிவந்து, இந்த வசனம் சரியா என்று ஒரு துண்டைக் காட்டுவார். யாருக்கு இவ்வளவு எழுதுகிறார் என்று எனக்கு எரிச்சல். காதலியாக இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் வெளிநாட்டில் இருக்கிற, முகம் தெரியாத ஆட்களுக்கு, ஒரு புரோகிராமில் எங்கே பிழை இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பைத்தியமா என்று நினைத்துத்தான் கட்டினேன்.

யுத்தம் முடிகிறதற்கு முந்திய வருடம், கொழும்பில் ஒரு நிறுவனம் மண்சரிவுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிற திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. அதற்கு மலைநாட்டில் வேலை செய்ய ஆள் தேடினார்கள். றோலண்ட் விண்ணப்பித்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவர்கள் தெரிவுசெய்த மலை, மேக்கணக்கு லயத்துக்கு நேர் மேலே இருக்கிற மலை. அதில் மழைக் காலத்துக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வெடிப்பு விழும். அதற்குக் கீழே, முதல் காம்பராவில், என் மாமியார் தனியாக இருந்தார்.

நீங்கள் கேட்பீர்கள், கிழவியை டவுனுக்குக் கூட்டிவரக் கூடாதா என்று. நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! காலைப் பிடிக்காத குறை. தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் வெட்டுப்பட்டால் காம்பராவும் போய்விடும், பிறகு மகனுக்கென்று அந்தத் தோட்டத்தில் ஒரு சுவர் கூட இருக்காது என்பார். உங்கள் மகனுக்கு அந்த ஒழுகுகிற சுவர் எதற்கு என்று கேட்டால், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ரொட்டியைப் புரட்டிப் போடுவார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அவரிடம் தோற்றுத் தோற்றுத்தான் எனக்கு அவர்மேல் பாசம் வந்தது.

அதனால் றோலண்டுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பெட்டிகள்தான். மலையில் மேலிருந்து கீழாகக் கம்பு நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி பூட்டினார்கள். மண்ணில் தண்ணீர் எவ்வளவு ஊறியிருக்கிறது, கம்பு சாய்கிறதா என்று அது பார்க்கும். டோர்ச்சுக்குப் போடுகிற பெட்டரியில் வருடக்கணக்கில் ஓட வேண்டும் என்பதால், பெரும்பாலான நேரம் தூங்கும், இடைக்கிடை எழும்பி இரண்டு சொல் பேசும், திரும்பத் தூங்கும். அது பேசுவதைப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற அந்த அறையில், ஒரு மூலையில் இருந்த கொம்பியூட்டர் கேட்டுக்கொண்டிருக்கும். மேல் பெட்டி சாய்ந்தால் கூரையில் இருக்கிற சைரன் ஊதும். ஊதினால் எல்லாரும் எதிர்ப்பக்கத்து மேட்டில் இருக்கிற கோயிலுக்கு ஓட வேண்டும். ஓடிப் பழக்கினார்கள். முதல் தடவை ஆட்கள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

திட்டத்துக்குப் பொறுப்பு ஆரூரன் என்று ஒரு என்ஜினியர். யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனிதர், குளிர்தான் தாங்க மாட்டார். மழை நாட்களில் மேல் பெட்டியின் பேச்சு அடிக்கடி நின்றுபோவதைப் பார்த்து, பெட்டரி பிழையாக இருக்கும் என்று அவரும் நினைத்தார், என் கணவரும் நினைத்தார். இரண்டு பேருமாகப் பெட்டரியை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள், பெட்டியையே மாற்றினார்கள். வெயில் வந்தால் அது பேசும். மழை வந்தால் ஊமையாகிவிடும். மலை சரிவது மழையில்தானே, வெயிலில் பேசி என்ன பிரயோசனம் என்று நான் கேட்டேன். அன்றைக்கு அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

பிறகு ஒரு வாரம், நல்ல வெயிலிலேயே மேல் பெட்டி ஊமையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நானும் அவரும் மலையேறினோம். போய்ப் பார்த்தால் பெட்டிக்கு மேல் ஒரு கூரை! இரண்டு கவட்டைக் கம்பு நட்டு, லயத்துப் பழைய தகரத்தை வெட்டி, பக்கமெல்லாம் மடித்து, சின்னக் கோயில் மாதிரிக் கட்டியிருந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் அதற்குக் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவும் போட்டிருந்தார்கள். மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்க முன்னால் கல்லுக்குக் கும்பிடுகிற ஆட்கள், லயத்தைக் காப்பாற்ற வந்த பெட்டியைச் சும்மா விடுவார்களா? கூரை கட்டியது யாரென்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தகரத்தில் இருந்த நீலப் பெயிண்ட் என் மாமியாரின் காம்பராவுடையது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு தேயிலைக்கு நடுவில் குந்திவிட்டார். தகரம் மூடினால் பெட்டியின் பேச்சு நேராகப் பிள்ளைக் காம்பராவுக்குப் போகாது, அது தெரிந்த விஷயம். ஆனால் அப்படித் தடைப்பட்டால், கீழே இருக்கிற அடுத்த பெட்டி அதை வாங்கிக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் வரிசையாக வைத்தது. அந்தச் சுற்றுவழியில் வந்த பேச்சு எங்கே போய் விழுகிறது? மழையில் நனைந்த மர இலையும் தகரம் மாதிரியே தடுக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கொம்பியூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற புரோகிராமைக் கேர்னல் என்பார்கள். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டிருக்கிற ஒன்றைத்தான் இவர்களும் போட்டிருந்தார்கள். குறைந்த மின்சாரத்தில் பேசுகிற இந்த மாதிரிப் பெட்டிகளுக்கான பகுதி அப்போதுதான் புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பெட்டி அனுப்புகிற ஒவ்வொரு பொதிக்கும் முன்னால், யார் அனுப்பியது, யாருக்கு என்று சொல்கிற ஒரு ஹெடர் இருக்கும். நேராக வந்தால் ஒரு ஹெடர். இன்னொரு பெட்டி கைமாற்றினால், அதற்கு மேல் இன்னொரு ஹெடர். கேர்னல் முன்னால் இருப்பதைக் கழித்துவிட்டு உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். அது எப்போதும் ஒரே அளவுதான் கழித்தது. கைமாறி வந்த பொதியில் பிழையான இடத்தில் வெட்டி, என்ன இது என்று புரியாமல், சத்தம் போடாமல் வீசிவிட்டது.

இதை அவர் மாமிக்கு விளங்கப்படுத்திய விதம் எனக்கு மறக்காது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று ஒரு அளவு கழிப்பார்கள் இல்லையா, ரெட்டைச் சாக்கில் கட்டி வந்தாலும் ஒரு சாக்குக்குத்தான் கழித்தால் கணக்கு எப்படிச் சரிவரும், அந்த மாதிரி என்றார். மாமி அதைப் பிடித்துக்கொண்டு, சாக்குக்கும் தண்ணிக்கும் என்று அநியாயமாக வெட்டுகிற கணக்கப்பிள்ளையைத் திட்டத் தொடங்கிவிட்டார். கடைசியில்தான் தகரத்துக்கு வந்தோம்.

“அம்மா, இனிமே அதுக்குத் தகரம் வைக்காதீங்க” என்றார் இவர்.

“நனையுதேப்பா.”

“நனைஞ்சா ஒண்ணும் ஆகாதும்மா. தண்ணி போகாத மாதிரி அடைச்சிருக்கு.”

“இந்த லயத்தையுந்தான் அடைச்சிருக்கேன்னு கண்டாக்கையா வருசா வருசம் சொல்றாரு” என்று தோட்டத்து உத்தியோகத்தரை இழுத்தார் மாமி. பிறகு மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிப்பா, வைக்கல என்றார். ஆனால் அவர் நம்பவில்லை. நனைந்தது கெட்டுப்போகும் என்பது அவர் ஆயுள் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழே இருந்து படித்த பாடம்.

றோலண்ட் திருத்தத்தை எழுதினார். அதை, கேர்னலை எழுதுகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசுகிற மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினார். ஆங்கிலத்தை நான் பார்த்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. எங்கேயோ குளிர் நாட்டில் இருக்கிற ஒருவர், உங்கள் மெயில் புரோகிராம் வரியின் முன்னால் உள்ள இடைவெளிகளை எல்லாம் மாற்றிவிட்டது, திரும்ப அனுப்புங்கள் என்று ஒரே வரி எழுதியிருந்தார். இடைவெளிக்கு ஒரு சண்டையா, மனிதருக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்று நான் கொதித்தேன். றோலண்ட் பேசாமல் சரிசெய்து அனுப்பினார். அடுத்த பதில் இன்னும் காரமாக இருந்தது. ஹெடரின் அளவைப் பொதியிடமே கேட்கிறீர்கள், சரி. அந்த அளவுக்குப் பொதியில் சாமான் இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா? அரைகுறையாக ஒரு பொதி வந்தால் உங்கள் திருத்தம் எல்லையைத் தாண்டி வாசித்து முழு மெஷினையும் நிறுத்திவிடும் என்று எழுதியிருந்தார்.

அதை வாசித்ததும் இவருடைய காது சிவந்துவிட்டது. நான் திட்ட வாயைத் திறந்தேன். “அவர் சொல்றது சரி ஷாமிலா” என்றார். திரும்பவும் உட்கார்ந்தார். முதலில் அளவைச் சரிபார்த்து, பிறகு கழிக்கிற மாதிரி எழுதினார். ஆரூரனிடம் காட்டி, பிள்ளைக் காம்பராவில் போடலாமா என்று கேட்டார். கொழும்பு அனுமதிக்குக் காத்திருந்தால் மழை வந்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

“போடும் றோலண்ட். பிழைச்சால் நான் பதில் சொல்லுறன்” என்றார் ஆரூரன்.

போட்டார்கள். சோதிப்பதற்காக இவரே அந்தத் தகரத்தை எடுத்துப் பெட்டியை மூடினார். கீழ்ப் பெட்டி கைமாற்றி, பேச்சு ஒழுங்காக வந்தது. கம்பைச் சாய்த்ததும் சைரனும் ஊதியது. அன்றைக்கு அவர் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பட்டியலுக்கு அனுப்பியதற்கு, இது நன்றாக இருக்கிறது, இரண்டு திருத்தமாகப் பிரித்து அனுப்புங்கள், சேர்க்கலாம் என்று அந்தக் காரமான ஆளே எழுதினார். அடுத்த வாரம் அனுப்பலாம் என்று இவர் இருந்தார். அதற்குள் மழை பிடித்துவிட்டது.

அந்த வருடத்து மழை சும்மா மழை இல்லை. கினிகத்தேனை ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றது. மலையில் வேலை இல்லை, ஆட்களைக் காலையில் வேலைக்குக் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்படிக்கக் கூட இல்லை. தோட்டத்துக்குப் போக முடியாமல் றோலண்ட் கூண்டுப் புலி மாதிரி வீட்டுக்குள் நடந்தார். காலையில் பக்கத்துக் காம்பரா ராக்காயியின் ஃபோனுக்கு எடுத்து அம்மாவோடு பேசினார். கோயிலுக்கு இப்போதே போய் இருங்கள் என்றார். சைரன் ஊதினால் போகிறேன், ஊதாமல் எதற்குப் போக வேண்டும் என்றார் மாமி. அப்போதுதான் இவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“அந்த மேல் பெட்டி ஒண்ணுதாம்மா இப்ப நம்மளக் காப்பாத்தணும்.”

மாமி என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. லைன் இரைச்சலாக இருந்தது. ஃபோனை வைத்துவிட்டு, அம்மா சரி என்று சொன்னதாக இவர் சொன்னார்.

பின்னேரம் சைரன் ஊதியது. ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, நோயாளிகளைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராக்காயி போகிற வழியில் முதல் காம்பராக் கதவைத் தட்டியிருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது, முன்னாலேயே ஓடிவிட்டார் என்று நினைத்தாள். கோயிலில் தலையை எண்ணியபோதுதான் மாமி இல்லை. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கைக்குள் எதையோ இடுக்கிக்கொண்டு மலைப்பக்கம் போனதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அதற்குள் மலை இறங்கிவிட்டது. லயத்தில் பாதி அப்படியே மண்ணுக்குள் போனது. மற்றவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மழை விட்ட பிறகு மாமியை எடுத்தார்கள். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். கோபம்தான் வந்தது எனக்கு. கடவுள்மேல், அந்தத் தோட்டத்தின்மேல், சொன்ன சொல் கேட்காத அந்தக் கிழவியின்மேல். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏன் போனீங்க, ஏன் போனீங்க என்று திட்டினேன். என்னைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள்.

அடக்கம் முடிந்து, ஆரூரன் பிள்ளைக் காம்பராக் கொம்பியூட்டரில் பதிவாகியிருந்ததைக் கொண்டுவந்தார். றோலண்ட் அதைப் பார்த்தார். அன்று சைரன் ஊதுவதற்குக் கொஞ்சம் முந்தி வரைக்கும் மேல் பெட்டியின் பொதிகள் கொஞ்சம் நேராகவும், கொஞ்சம் கைமாறியும் வந்திருந்தன. அதற்குப் பிறகு ஒன்று கூட நேராக வரவில்லை. எல்லாவற்றிலும் ரெட்டை ஹெடர். கம்பு சாய்கிறது என்று சொன்ன கடைசிப் பொதி வரைக்கும் அப்படித்தான். இவர் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா தகரத்த வெச்சிட்டாங்க ஷாமிலா” என்றார். “போய்ச் சேந்து, வெச்சிட்டாங்க.”

மர இலை நனைந்ததாகவும் இருக்கலாம் என்று ஆரூரன் சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. நான் சொன்னதால்தான் அம்மா போனார், நானே அனுப்பினேன் என்று அவ்வளவு நாளும் பேசாத மனிதர் பேசத் தொடங்கிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“நீங்க திருத்தலன்னா மாமி வெச்ச தகரம் சைரன ஊத விட்டிருக்காது. அத்தன பேரும் போயிருப்பாங்க. மாமி கையால போயிருப்பாங்க. அந்தப் பாவம் அவங்களுக்கு வராம நீங்கதான் பாத்துக்கிட்டீங்க.”

ஆறுதலுக்குச் சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா, எனக்கே தெரியாது. ஆனால் அது உண்மை. அதைக் கேட்டதும்தான் அவர் அழுதார். செத்த வீட்டில் அழாதவர், அன்றைக்கு ஆரூரனுக்கு முன்னாலேயே, சின்னப் பிள்ளை மாதிரி என் மடியில் விழுந்து அழுதார்.

அதற்குப் பிறகு கன காலம் கொம்பியூட்டரைத் தொடவில்லை. தோட்டத்து ஆட்கள், வீடிழந்து தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக் கூடாரத்திலிருந்து நடந்து வந்து அவருடைய கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவர் கையை இழுத்துக்கொள்வார். அந்தக் காரமான ஆள் மட்டும், இந்தத் திருத்தத்தை இன்னும் செய்கிறீர்களா, வேண்டுமென்றால் நான் பிரித்துச் சேர்க்கட்டுமா என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டிருந்தார். வேறு எங்கேயோ ஒரு மலைக்குக் கீழேயும் ஆட்கள் இருப்பார்கள், அங்கேயும் பொதி விழுந்துகொண்டுதான் இருக்கும் என்று நான் நச்சரித்தேன். ஒரு நாள் உட்கார்ந்து, இரண்டாகப் பிரித்து அனுப்பினார்.

இந்தத் திருத்தங்களுக்குக் கீழே, பிழையை முதலில் கண்டு சொன்னவர் இன்னார் என்று ஒரு வரி போடுவது அங்கே வழக்கம். பெயரும், பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியும். அந்த வரியில் இவர் இராசம்மா என்று போட்டிருந்தார். முகவரி போடவில்லை. அடுத்த நாள் பதில் வந்தது: திருத்தம் சரி. பிழையைக் கண்டவருக்கும் நாங்கள் அறிவிப்போம், அவருடைய முகவரியைத் தர முடியுமா?

றோலண்ட் விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டார். நான்தான் டைப் அடித்தேன். அவர் என் மாமியார். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். மழையில் நனையக் கூடாது என்று எங்கள் பெட்டிக்குத் தகரம் வைத்தார், அதனால்தான் இந்தப் பிழை தெரிந்தது. மண்சரிவு வந்த அன்றும் அதை மூடத்தான் போனார். அவர் இப்போது இல்லை. முகவரி எப்போதும் இருந்ததில்லை. என் ஆங்கிலத்தில் பிழை இருந்திருக்கும், நான் திரும்ப வாசிக்கவில்லை.

கொஞ்ச நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு திருத்தம் சேர்க்கப்பட்டது என்று வந்தது. வேறு ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. அந்த வரியை அவர்கள் தொடவில்லை. பெயர் மட்டும் அப்படியே இருந்தது. றோலண்ட் அதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார்.

“அம்மா கேட்டா நம்ப மாட்டாங்க” என்றார். “பேர நனையாம வெச்சிருக்காங்களான்னுதான் கேப்பாங்க.”